புகைபோக்கியும் உங்கள் அக்காவின் மூக்கும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அப்படி எழுதுவதுதான் மரியாதை என்பதால் எழுதினேன். சுகமாக இருக்கிறவன் மச்சானுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுத மாட்டான் என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டம்மா, பிள்ளைகள், உங்கள் முழங்கால் வலி எல்லாம் எப்படி? முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், அசட்டையாக இருக்க வேண்டாம். இனி விஷயத்துக்கு வருகிறேன். "நாலு நாள் தம்பி வீட்டுல இருந்துட்டு வர்றேன்" என்று கிளம்பிய உங்கள் அக்கா இன்னும் அங்கேயே இருக்கிறாள். எந்தக் கணக்கில் கூட்டினாலும் அந்த நாலு நாள் முடிந்துவிட்டது. தயவுசெய்து அவளைத் திருப்பி அனுப்பி வையுங்கள். கடிதத்தின் சாரம் இதுதான். அவசர வேலை இருந்தால் இத்தோடு மடித்து வைத்துவிட்டு அவளுக்கு டிக்கெட் எடுக்கப் போகலாம். வேலை இல்லையென்றால் மேலே படியுங்கள். அவள் போட்ட நிபந்தனை நிறைவேறிவிட்டது. எப்படி நிறைவேறியது என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போன் அடித்தால் உங்கள் வீட்டில் அவள்தான் எடுக்கிறாள். என் குரலைக் கேட்டதும் "நாத்தம் போச்சா?" என்கிறாள். நான் உண்மையைச் சொல்கிறவன், அதனால் "பாதி போச்சு, மீதிக்கு என்ன செய்யறாங்கன்னா" என்று ஆரம்பிப்பேன். அதற்குள் "முழுசா போனதும் கூப்பிடுங்க" என்று வைத்துவிடுகிறாள். போன வாரம் ஒரு தடவை மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை பேசினாள். தலை துவட்டும் துண்டைக் கொடியிலேயே மறந்து விட்டுவிட்டாளாம், பார்த்தீர்களா என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அது வேறு விஷயம்.

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டித் துணி மில் இருப்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன தடவை வந்தபோதுகூட "என்ன அத்தான், யாராவது முடியைக் கொளுத்துறாங்களா?" என்று கேட்டீர்கள். அதுதான் வாடை. கருகின முடி, அதோடு பழைய எண்ணெய், அதற்கு மேல் சூடு மிஞ்சின இஸ்திரிப் பெட்டி. உங்கள் அக்காவின் மூக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வீட்டில் பால் பொங்கினால் இங்கிருந்தே "அடுப்ப அணைங்க" என்று சத்தம் போடுகிறவள். மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை மடிக்கும்போது ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துத் திரும்ப ஊறவைப்பாள். கடைசியில் ஒருநாள் மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கீழே போட்டுவிட்டு, "ஒண்ணு அந்த நாத்தம் இங்கேருந்து போகணும், இல்ல நான் போகணும்" என்றாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்து முடிப்பதற்குள் அவள் பெட்டியோடு உங்கள் வீட்டு வாசலில் இருந்தாள்.

மறுநாளே நான் மில்லுக்குச் சண்டை போடப் போனேன். சத்தியமாகச் சண்டை போடத்தான் போனேன். ஆனால் என் உத்தியோகம் என்ன என்பதை நினைத்துப் பாருங்கள். ஓய்வு பெறும் வரை வீடு வீடாகப் போய்க் குழாய் மீட்டர் மூடியைத் திறந்து பார்த்தவன் நான். மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் தாண்டிப் போக என் காலுக்குத் தெரியாது. மில்லின் பராமரிப்பு இன்ஜினியர் ஒரு பெண், எங்கள் பெரிய மகள் வயதுதான் இருக்கும், எண்ணெய்க் கறை படிந்த சட்டையும் இடுப்பில் ஒரு டார்ச்சுமாக வந்து நின்றாள். "ஏம்மா, உங்க புகையால என் பொண்டாட்டி வீட்ட விட்டுப் போயிட்டா" என்றேன். அவள் பதறவில்லை. "வாங்க சார், எதனாலன்னு காட்டுறேன்" என்று உள்ளே கூட்டிப் போனாள். அங்கே ஒரு இயந்திரம் இருக்கிறது மச்சான், ஒரு தெரு நீளம். துணியின் இரண்டு ஓரத்தையும் ஊசிப் பற்களில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வரிசையாக அடுப்பு அடுப்பாகப் புகுந்து வருகிறது. இந்தப் பக்கம் கிழட்டுத் தோல் மாதிரி சுருங்கிப் போகிற துணி, அந்தப் பக்கம் கடையில் விற்கிற பதத்தில் வெளியே வருகிறது. நான் சண்டையை மறந்துவிட்டு, "இதுல வாடைக்கு என்னம்மா வேலை?" என்று கேட்டேன். நூல் அறாமல் இருக்க எண்ணெய் தடவுகிறார்களாம், துணி மெத்தென்று இருக்க ஏதோ பசை தடவுகிறார்களாம். துணி சூடேறும்போது அந்த எண்ணெயும் பசையும் ஆவியாகிப் புகைபோக்கி வழியே மேலே போகிறது. வெளிக்காற்றில் குளிர்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத துளித்துளியாக மாறி, நீலப் புகையாகச் சுவரைத் தாண்டி, உங்கள் அக்காவின் போர்வையில் உட்காருகிறது. இத்தனை வருஷமாக என் தலைக்கு மேல் எண்ணெய் மழை பெய்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. எனக்கு ஒரே ஆச்சரியம். இன்ஜினியர் பெண் முகத்தில் மட்டும் கொஞ்சம் சோர்வு தெரிந்தது, ஏனென்றால் நான் அன்றைக்கு நிறையக் கேள்வி கேட்டேன்.

தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுத்ததும் மில் மேனேஜர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? சென்ட் வாங்கினார். பீப்பாயில் ரோஜா சென்ட். அதைப் புகைபோக்கிக்குள் தெளிக்கச் சொன்னார். நாற்றத்தை எடுக்க வேண்டாம், மேலே ஒரு வாசனையைப் போர்த்திவிட்டால் போதும் என்று அவருக்கு யோசனை. அன்றிலிருந்து எங்கள் தெருவில் ரோஜாத் தோட்டத்துக்குள் யாரோ முடியைக் கொளுத்துகிற வாடை. தையல்காரருக்கு மண்டையிடி, எனக்குத் தைத்துக் கொடுத்த கால்சட்டையில் ஒரு கால் குட்டை. மருந்துக்கடைக்காரர் மட்டும் மேனேஜரைப் பாராட்டினார், தலைவலி மாத்திரை அவரிடம்தானே வாங்குகிறோம். இன்ஜினியர் பெண் மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். என்ன பேசினாள் என்று வெளியே கேட்கவில்லை, நானும் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பீப்பாய் மறுநாளே திரும்பிப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பித்தது. காற்றைக் குளிப்பாட்டுகிறார்கள் மச்சான்! ஒரு கோபுரம் கட்டி, கீழேயிருந்து புகையை ஏற்றி, மேலேயிருந்து தண்ணீரைத் தூற்றலாகக் கொட்டுகிறார்கள். காற்று நனைந்து, அழுக்கைத் தண்ணீரில் விட்டுவிட்டு மேலே போகிறது. நான் தினமும் சாப்பாடு முடிந்ததும் போய் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வாட்ச்மேன் எனக்கு ஒரு ஸ்டூலே போட்டுவிட்டார். ஆனால் பாருங்கள், வாடை பாதிதான் குறைந்தது. எண்ணெய் தண்ணீரோடு சேரவில்லை. எண்ணெய்ப் பிசுக்குக்கு என்ன செய்வோம்? வீட்டில் உங்கள் அக்கா என்ன செய்வாள்? சோப்புப் போடுவாள். இதை நான் சாதாரணமாக, ஒரு பேச்சுக்கு, கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், பெரியவர் சொன்னால் தட்ட மாட்டார். துணி துவைக்கிற தூளை ஒரு மூட்டை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டார்.

நுரை என்றால் சாதாரண நுரை இல்லை. கோபுரத்தின் உச்சியில் முதலில் ஒரு வெள்ளைத் தொப்பி முளைத்தது. நான் அழகாக இருக்கிறது என்று ரசித்துக்கொண்டிருந்தேன். தொப்பி வழிந்து, மில் முற்றத்தை மூடி, கேட்டுக்கு அடியில் புகுந்து, தெருவுக்கு வந்து, தையல்காரர் கடைப் படியேறிவிட்டது. அவர் தையல் இயந்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இன்ஜினியர் பெண் முழங்கால் வரை நுரையில் நின்றுகொண்டு "யாரு சோப்பு போட்டது?" என்றாள். ஆபரேட்டர் என்னைக் காட்டினார். "சார், நீங்க இனிமே பாக்கலாம், கேக்கலாம், யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது" என்றாள். நியாயம்தான். நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒன்று, அன்றைக்கு எங்கள் தெரு கழுவிவிட்டது போல இருந்தது.

பிறகு அவள் செய்ததுதான் சாமர்த்தியம். சூட்டோடு போகிற ஆவியைத் தண்ணீர் பிடிக்காதாம். முதலில் அதைக் குளிரவைக்க வேண்டும். புகை போகிற வழியில் குளிர்ந்த தண்ணீர்க் குழாய்களை ஓடவிட்டாள். புகை குளிர்ந்தது, தண்ணீர் சூடானது, அந்தச் சூட்டுத் தண்ணீரைத் துணி அலசக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு வேலையில் இரண்டு வேலை! அடுத்து மின்சாரத் தகடுகள். துளித்துளியான எண்ணெயை மின்சாரம் இழுத்துத் தகட்டில் ஒட்டவைக்கிறது. அது வழிந்து அடியில் ஒரு டப்பாவில் சொட்டுகிறது, கறுத்த தேன் மாதிரி. உங்கள் அக்காவின் போர்வைமேல் உட்கார வேண்டியது டப்பாவில் சொட்டுவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கரிப் பெட்டி. மிச்சமிருக்கும் வாடையைக் கரி உறிஞ்சிக்கொள்கிறது.

எல்லாம் முடிந்ததும் வாடை போய்விட்டதா என்று சோதிக்க வேண்டுமல்லவா? அதற்கு மெஷின் இல்லையாம், மனுஷ மூக்குதான் வேண்டுமாம். தெருவிலிருந்து தையல்காரர், மருந்துக்கடைக்காரர், நான் ஆகியோர் போனோம். புகைபோக்கிக் காற்றைப் பையில் பிடித்து, அதில் சுத்தமான காற்றை நிறையக் கலந்து, முதலில் வாடையே தெரியாத பையைக் கொடுப்பார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டமாக்குவார்கள். வாடை தெரிந்த உடனே கையைத் தூக்க வேண்டும். முதல் பையிலேயே நான் கையைத் தூக்கிவிட்டேன். "சார், அது வெறும் காத்து" என்றாள். சந்தேகத்தின் பேரில் தூக்கினேன் என்று சொன்னேன். அடுத்த பைக்கு அந்த வாடை எங்கேயிருந்து வருகிறது, எனக்கு எதை நினைவுபடுத்துகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். "வருதா வரலையா, அது மட்டும் சொல்லுங்க சார்" என்றாள். கடைசியில் "உங்க மூக்கு கேள்வி கேக்கற மூக்கு, பதில் சொல்ற மூக்கு இல்ல" என்று என் பையைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மூக்குன்னா என் வீட்டுக்காரி மூக்கும்மா, நீ அவள வச்சு சோதிக்கணும்" என்று உங்கள் அக்காவின் பெருமையை எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு உங்கள் வீட்டு நம்பரையும் வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் மூக்கைப் பழக்குவதென்று முடிவெடுத்தேன். பழக்கச் சரக்கு வேண்டுமே? மில்லிலிருந்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கேட்டு வாங்கிவந்து சீசாக்களில் போட்டு வைத்தேன். தகட்டில் சொட்டின எண்ணெய் கட்டிலுக்கு அடியில். கோபுரத் தொட்டியின் அடியில் படிந்த சேறு சமையலறை மேல்தட்டில். பழைய கரி குளியலறையில். சூடேறுவதற்கு முந்திய துணி, சூடேறியதற்குப் பிந்திய துணி இரண்டும் உங்கள் அக்காவின் அலமாரியில், அவளுடைய துணிமணிகளுக்குப் பின்னால், ஏனென்றால் அங்கேதான் இருட்டு, வாடை கலையாது. தினமும் காலையும் மாலையும் திறந்து முகர்ந்து பார்ப்பேன். விடாமல் முகர்ந்தால் மூக்கு களைத்துப் போய் எதுவுமே தெரியாது, நடுநடுவே நன்றாகப் பழகின ஒரு வாசனையை முகர்ந்து மூக்குக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அந்தப் பெண்தான் சொல்லிக் கொடுத்தாள். அதற்கும் தனியாக ஒரு சீசா வைத்திருக்கிறேன். அதற்குள் என்ன இருக்கிறது என்பது இங்கே தேவையில்லாத விஷயம்.

ஆக, மச்சான், வாடை போய்விட்டது. தையல்காரர் மாடியில் துணி காயப்போடுகிறார். மருந்துக்கடைக்காரரின் மாத்திரை விற்பனை படுத்துவிட்டது. தெரு முழுக்க ஒரு வாடையும் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக்குள் மட்டும் லேசாக ஏதோ இருக்கிற மாதிரி எனக்கு ஒரு சந்தேகம். மில் காற்று சுவரில் மோதி நேரே நம் வீட்டுக்குள் இறங்குகிறது என்பது என் கணிப்பு. இதைப் பற்றி மேனேஜருக்கு இன்னொரு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. இன்ஜினியர் பெண்ணையும் நேரில் வந்து பார்க்கச் சொன்னேன். வந்தாள், வாசலிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள், பாவம், ஜலதோஷம் போல. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து "இதெல்லாம் என்ன சார்?" என்றாள். "சாம்பிள்" என்றேன். எல்லா ஜன்னலையும் திறந்து விட்டாள். போகும்போது "அம்மா எப்ப வர்றாங்க?" என்று மட்டும் கேட்டாள். எவ்வளவு அக்கறை பாருங்கள். தையல்காரரும் இப்போதெல்லாம் என்மேல் மரியாதை கூடிப்போய் உள்ளே வருவதில்லை, தைத்த துணியை வாசலிலிருந்தே எறிந்துவிட்டுப் போகிறார்.

இனி எழுதப் போவதை நீங்கள் படித்துவிட்டு மறந்துவிட வேண்டும். அவள் போனபோது, வாடை போனால் வருவாள் என்றுதான் நானும் நினைத்தேன். அதனால்தான் அத்தனை ஓட்டம் ஓடினேன். ஆனால் ஒவ்வொரு நாளும் மில்லில் பார்த்ததை வந்து சொல்ல வீட்டில் ஆள் இல்லை. காற்றைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று நான் சொன்னால் "அத முதல்ல நீங்க குளிச்சிட்டு சொல்லுங்க" என்று சொல்ல அவள் வேண்டும். எனக்கு அவள் இல்லாமல் முடியவில்லை, மச்சான். ஒரு கை சோறு இறங்கவில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டாம், வாடை போய்விட்டது என்பதை மட்டும் சொல்லி அனுப்பி வையுங்கள். எழுதி முடித்துவிட்டேன், ஒட்டுவதற்கு உறையும் தபால் தலையும் வாங்கக் கடைக்குப் போகிறேன்.

உங்கள் வீட்டில் எல்லாரும் நீண்ட ஆயுளோடும், பிள்ளைகள் நல்ல படிப்போடும், உங்கள் முழங்கால் மடங்குகிற சுகத்தோடும் இருக்க வாழ்த்துகிறேன். என் மூத்த சகலைக்கு எழுதினால் என் நமஸ்காரத்தைச் சேர்த்து எழுதவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: தம்பிக்கு, அக்கா எழுதுவது. சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அவர் கடைக்குப் போயிருக்கிறார். சாவி தையல்காரரிடம் இருந்தது. மேஜைமேல் இந்தக் கடிதம் இருந்தது, படித்துவிட்டேன். நேற்று மில்லிலிருந்து அந்த இன்ஜினியர் பெண் உன் வீட்டுக்குப் போன் பண்ணினாளே, அவள் என்ன சொன்னாள் என்று நீ கேட்டாய், நான் சொல்லவில்லை. "அம்மா, மில்லு நாத்தத்த நாங்க நிறுத்திட்டோம், உங்க வீட்டு நாத்தத்த நிறுத்த நீங்கதான் வரணும்" என்றாள். வாசலில் நின்றபடியே தெரிந்துவிட்டது, கட்டிலடியில் எண்ணெய், சமையலறைத் தட்டில் சேறு, அலமாரியில் என் துணிக்குப் பின்னால் கருகின துணி. மில்லிலிருந்து ஒரு வாடையும் இல்லை. நாறுகிறது முழுக்க எங்கள் வீடுதான். தெருவுக்கே வாடையை ஒழித்த மனுஷன் அதை சீசா சீசாவாக வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார். நான் போட்ட நிபந்தனைப்படி பார்த்தால் இப்போதே திரும்பி உன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

தலைமாட்டில் தனியாக ஒரு சீசா இருந்தது. அதில் "மூக்குக்கு ஓய்வு, தொடக் கூடாது" என்று ஒட்டியிருந்தது. இதில் என்ன கண்றாவியோ என்று திறந்தேன். என் தலைத்துண்டு. நான் கிளம்பின அன்றைக்குக் கொடியில் விட்டது, மடித்து, உள்ளே அழுத்தி வைத்திருக்கிறார். காலையும் மாலையும் இதை முகர்ந்துகொண்டுதான் இருந்தாராம். போனில் கேட்டதற்கு, பார்க்கவில்லையாம்.

மற்ற சீசாக்களை எல்லாம் மில்லுக்கே எடுத்துப்போகச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு ஆள் அனுப்பிவிட்டேன். அதை மட்டும் மூடியை இறுக்கி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நான் பார்த்தது அவருக்குத் தெரிய வேண்டாம், அவர் உறை வாங்கி வந்ததும் இதை நானே ஒட்டி அனுப்பிவிடுகிறேன். உன் வீட்டில் விட்டுவந்த மீதித் துணிகளை யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு. முழங்காலைக் கவனித்துக்கொள். எனக்குத் தலை துவட்டத் துண்டு இல்லை, நாளைக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன்.